நாலு கரண்டி பொங்கல்

பதினொரு மணிக்கு என் மனைவி வருவாள். ஆனால் அதற்கு நான் காலையில் பொங்கல் சாப்பிட்டிருக்க வேண்டும். இட்லி என்றால் குரல் மட்டும் கேட்கும். தோசை என்றால் வருவதும் உண்டு, வராததும் உண்டு. பொங்கலும் இரண்டு மெதுவடையும் உள்ளே போன நாளில் அவள் தவறியதே இல்லை.

வேம்பு இறந்து, வருகிற பங்குனியோடு இரண்டு வருஷம். இதை வெளியே சொன்னால் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயசுதான் ஆகிறது. கிழவன் என்கிறவனை என் கடைப் படியில் ஏற்ற மாட்டேன்.

என் பெயர் கணேசமூர்த்தி. தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். புடவையைக் கொண்டுவந்து விரித்தால், அதற்குச் சேருகிற ரவிக்கைத் துணியை எடுத்துத் தருகிற கடை. எட்டடி அகலம். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை துணிக்கட்டுகள். பச்சையில் மட்டும் நாற்பத்தாறு இருக்கிறது. ராமர் பச்சை கேட்டவளுக்குப் பாசிப் பச்சையைக் கொடுத்துவிட்டால் கல்யாண மண்டபத்தில் நாலு பேர் சிரிப்பார்கள். சங்கரன்கோவிலிலிருந்து இருபத்தாறு வயசில் இங்கே வந்து, முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறேன். புடவையை ஒரு தடவை பார்த்தால் போதும், கை தானாகப் போய்த் துணியை உருவும். 'அண்ணாச்சி கண்ணு தப்பாது' என்று இந்தச் சந்தில் எனக்குப் பேர் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும், அதற்கு வருகிறேன்.

வேம்பு இருந்தவரை கே.கே. நகர் வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் பொங்கல் கொண்டுவருவாள். ஒன்பதேகாலுக்குக் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு, துணி வெட்டுகிற மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்கு நாலு கரண்டி வைப்பாள், தனக்கு ஒன்று. "உனக்கு வேண்டாமா?" என்று கேட்டால், "ரெண்டு பேரும் தூங்கினா கடையை யாரு பாக்க?" என்பாள். அவள் போனபிறகு பக்கத்துச் சந்து மெஸ்ஸில் வாங்கிக்கொள்கிறேன். முந்திரியைத் தேட வேண்டியிருக்கிறது, நெய் என்று சொல்லி என்னத்தையோ ஊற்றுகிறான். இருந்தாலும் பொங்கல் பொங்கல்தான்.

பத்தே முக்காலுக்கு முதலில் சத்தம் போகும். உஸ்மான் ரோட்டு ஹாரன், முனைக் கடையில் மைக் வைத்துக் கூப்பிடுகிறவன் குரல், என் வாசலில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற குலாம் ரசூல் பாயின் மெஷின் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். அப்புறம் துணிகள் கலங்க ஆரம்பிக்கும். வாடாமல்லி மெதுவாகக் கத்திரிப்பூவுக்குள் இறங்கும். சந்தனம் மாம்பழ மஞ்சளோடு சேரும். கடை நீண்டுகொண்டே போகும், சுவர் இருக்கிற இடத்தில் சுவர் இருக்காது, துணிக்கட்டுகள் மட்டும் அடுக்கடுக்காக எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். வாசல் பக்கம் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் வேம்பு நிற்பாள்.

தவிட்டு நிறச் சுங்குடிச் சேலை கட்டியிருப்பாள். வாசல் படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கி எதையோ பிடித்துக்கொண்டு நிற்பாள். தெருவில் இறங்கப் போகிறவள் மாதிரி இருக்கும். "வேம்பு, எங்க போற?" என்று கேட்பேன். "செத்த இருங்க" என்பாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்க மாட்டாள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஏன் திரும்ப மாட்டேன் என்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசி நாள் காலையில் அவளை நான் திட்டியிருந்தேன். ஓர் அரக்குப் புடவைக்கு நான் எடுத்த துணியைப் பார்த்து, "இது சேராதுங்க" என்றாள். வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். "முப்பது வருஷ கண்ணுக்கு நீ பாடம் எடுக்கியா?" என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். சாயங்காலம் நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு விட்ட ஆட்டோ தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டவில்லை, அதற்குள் போய்விட்டாள். அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அந்தக் கத்தல்தான். ஒரே ஒரு தடவை அவள் திரும்பினால் போதும், மன்னித்துக்கொள் என்று சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் தினமும் பொங்கல்.

இந்தத் தை மாசம் ஜெயஸ்ரீ மாமி வந்தார். அபிராமபுரத்துக்காரர், இருபது வருஷத்து வாடிக்கை. ஒரு மயில்கழுத்துப் பட்டுப் புடவையையும், அதற்கு நான் கொடுத்த துணியில் தைத்த ரவிக்கையையும் மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, உங்க கடை லைட்ல நன்னாத்தான் இருந்தது. மண்டபத்து வாசல்ல நின்னா புடவை ஒரு பக்கம் போறது, ரவிக்கை ஒரு பக்கம் போறது."

"சாயம் போயிருக்கும் மாமி. மில்லுக்காரன் இப்பல்லாம் கண்ட சாயத்தைப் போடுதான்."

"ஒரு தடவைகூட நனைக்கலையே."

நான் கத்திவிட்டேன். கத்தியபிறகு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் வேம்பு போனதிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த புகார் அந்த மாசத்தில் மட்டும் நாலாகியிருந்தது. புடவையின் கரை எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது, அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

ரசூல் பாய் சொல்லிவிட்டார். என் மகள் ஷண்முகப்ரியாவுக்கு போன் போட்டு, "பாப்பா, நைனாவுக்கு கண்ணு சரியில்ல போல கீது, இட்டுக்கினு போய்க் காட்டு" என்றிருக்கிறார். அவள் கல்யாணமாகி அடையாறில் இருக்கிறாள். அடுத்த நாளே வந்து என்னை ஒரு கண் டாக்டர் முன்னால் உட்காரவைத்தாள். அந்த டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணைப் பற்றிப் பேசாமல், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை. அதுவும் இன்று நேற்று வந்தது இல்லையாம். "ரத்தத்துல சர்க்கரை ஏறி இறங்குறப்போ கண்ணு லென்ஸும் உப்பி வத்தும் சார். அதான் ஒரு நாள் தெளிவா தெரியுது, ஒரு நாள் மங்குது. உள் நரம்பு இன்னும் தப்பிச்சிருக்கு. இப்படியே விட்டா நிறம் பிரிச்சுப் பார்க்கிறது கொஞ்சம் கொஞ்சமா போயிடும்" என்றாள். பச்சையில் நாற்பத்தாறு வைத்திருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். ஷண்முகப்ரியா அதோடு விடவில்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை வில்லையை வாங்கிவந்து என் இடது புஜத்தில் ஒட்டினாள். சென்சாராம். பதினாலு நாள் அப்படியே இருக்குமாம். ரத்தத்துச் சர்க்கரையை நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து போனில் கோடு போடும். என் போனில் மட்டும் இல்லை, அடையாறில் அவள் போனிலும் போடும்.

முதல் நாள் பழக்கம்போலப் பொங்கல் சாப்பிட்டேன். சாயங்காலம் அவள் கோட்டைக் காட்டினாள். ஒன்பதரைக்கு நூற்று நாற்பதில் கிளம்பி, பத்தேகாலுக்கு இருநூற்று அறுபத்திரண்டில் போய் நிற்கிறது. அப்புறம் மளமளவென்று சரிவு.

"பாருங்கப்பா, இந்த இறக்கம் பத்தே முக்கால்ல ஆரம்பிக்குது. பதினோரு மணிக்குத் தூங்குறேன்னு சொல்வீங்கல்ல, இதான் அது. வேகமா ஏறுனா இறங்கும்போது உடம்பு அப்படியே தளர்ந்துடும்."

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன சரிவில், பதினொரு மணிக்கு நேராக, வேம்பு நின்றுகொண்டிருந்தாள். அது என் மகளுக்குத் தெரியாது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஓட்ஸ் என்று ஒன்றைக் கொடுத்தாள். கோந்து காய்ச்சிக் குடித்த மாதிரி இருந்தது. அதற்கும் கோடு இருநூற்று முப்பது ஏறியது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, உன் ஓட்ஸாம் ஓட்ஸ்" என்றேன். கேழ்வரகு நல்லது என்று கூழ் காய்ச்சினோம், அதுவும் இருநூறைத் தாண்டியது. குடிக்கிற மாதிரி கரைத்துவிட்டால் எதுவானாலும் சீக்கிரம் ஏறும் என்றாள். இரண்டு இட்லிக்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டலும் அவித்த முட்டையும் சாப்பிடச் சொன்னாள். அதே இட்லிதான், நூற்று எழுபத்தைந்தோடு நின்றுவிட்டது. பச்சைப்பயறு அடையும் கீரைப் பொரியலும் சாப்பிட்ட நாளில் கோடு படுத்தே கிடந்தது. நூற்று ஐம்பதைக்கூட எட்டவில்லை. "சூப்பர்ப்பா" என்று அடையாறிலிருந்து குரல் வந்தது.

எனக்கு ஒன்றும் சூப்பராக இல்லை. பதினொரு மணி வந்தது, நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் போகவில்லை. வாடாமல்லி வாடாமல்லியாகவே இருந்தது, கத்திரிப்பூ கத்திரிப்பூவாகவே இருந்தது. கடைக்கு எட்டடிதான் அகலம். முதல் இரண்டு நாள் பொறுத்தேன். நாலாவது நாள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். கண்ணை இறுக மூடிக்கூடப் பார்த்தேன், தூக்கம் வந்தால்தானே.

"இன்னா அண்ணாச்சி, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்றார் ரசூல் பாய்.

"உம்ம வேலையைப் பாரும் பாய்."

அவர் சிரித்துக்கொண்டே நூலைக் கோத்தார். பத்தொன்பது வருஷமாக என் வாசலில் இருக்கிறார், என் கோபமெல்லாம் அவருக்கு மெஷின் சத்தம் மாதிரிதான்.

பத்தாவது நாள் முடியவில்லை. மெஸ்ஸுக்குப் போய் இரண்டு பொங்கல், இரண்டு வடை, ஒரு கேசரியும் வாங்கினேன். போனை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். திருடன் மாதிரி கடையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பத்தே முக்காலுக்கு ஹாரன் சத்தம் தூரமாகப் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்குக் கடை எப்போதையும்விட நீளமாக இருந்தது. பச்சைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து வயல் மாதிரி அசைந்தன. தரையில் நடந்தால் கால் துணிக்குள் புதைகிறது. அந்தக் கோடியில் வாசலும் வெளிச்சமும். அவள் நின்றாள். அதே தவிட்டுச் சேலை, அதே தூக்கிய கைகள். நான் பக்கத்தில் போய்விட்டேன். இத்தனை பக்கத்தில் போனதே இல்லை. அவள் பின்கழுத்தில் வியர்வை தெரிந்தது. "வேம்பு, அன்னைக்குக் கத்தினது தப்பு. கொஞ்சம் திரும்பேன்" என்றேன். அவள் தலை அசைந்தது. திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

மேஜை டிராயர் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. முழித்துவிட்டேன்.

"அப்பா, இருநூத்தி எண்பது. என்ன சாப்ட்டீங்க?"

"உன்னை யாரு இப்ப போன் பண்ணச் சொன்னது? திரும்பப் போனா தெரியுமா, இப்பத்தான் திரும்பப் போனா."

"யாருப்பா?"

அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொங்கல், பதினொரு மணி, தவிட்டுச் சேலை, கடைசி நாள் கத்தியது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு அம்மா கனவுல வர்றதே இல்லப்பா. ஒரு நாள்கூட வரல" என்றாள். "நான் இனிமே போன் பண்ணி மிரட்ட மாட்டேன். கண்ணு உங்களோடது. அம்மாவும் உங்களுக்குத்தான் வர்றாங்க. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க."

மிரட்டியிருந்தால் வீம்புக்கு நாலு நாள் பொங்கல் சாப்பிட்டிருப்பேன். இப்படிச் சொன்னால் என்ன செய்வது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் காலையில் பயறு அடையைத்தான் தின்றேன். ஆனால் மனசு மெஸ் வாசலிலேயே நின்றது. சென்சார் கழற்றுகிற அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்துவிடுவது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். கண் போனால் கடை போகும். கண்ணைக் காப்பாற்றினால் அவள் போவாள்.

பன்னிரண்டாவது நாள் பத்தே முக்காலுக்கு ஜெயஸ்ரீ மாமி படியேறினார். அதே மயில்கழுத்துப் பட்டு. நான் கத்தியதை அவர் மறந்த மாதிரி காட்டிக்கொண்டார், அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. புடவையை விரித்து, ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்து, ஒரு துணியை உருவிப் போட்டேன். அச்சாகச் சேர்ந்தது. வெட்டக் கத்திரியை எடுத்தேன்.

"இருங்கோ அண்ணாச்சி. பதினோரு மணி ஆகட்டும்" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினோரு மணிக்கு என்ன மாமி? ராகு காலமா?"

"வேம்பு எப்பவும் பதினோரு மணிக்குத்தானே வரச்சொல்லுவா. கஷ்டமான கலர்னா அவ போன்லயே சொல்லிடுவா, மழை இல்லேன்னா பதினோரு மணிக்கு வாங்கோ மாமின்னு. நான் அன்னிக்கு சாயங்காலத்துல வந்து வாங்கிண்டு போனேன், அதான் தப்பு."

எனக்குப் புரியவில்லை. வாசலில் மெஷின் நின்றது. ரசூல் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது வெயில் வந்தது. எதிரே பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏழு மாடிக் கட்டிடம் எழும்பியதிலிருந்து என் கடைக்கு வெயில் கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தக் கட்டிடத்துக்கும் பக்கத்து நகைக்கடைக் கட்டிடத்துக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி இருக்கிறது. சூரியன் அந்த இடைவெளிக்கு நேராக வந்து, என் வாசல் படியில் ஒரு பாய் அகலத்துக்கு வெளிச்சத்தை விரித்துப் போட்டது. மாவு மாதிரி தூசி அதில் மிதந்தது. முப்பத்திரண்டு வருஷம் இந்தக் கடையில் உட்கார்ந்தவன், இதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இது வருகிற நேரத்தில் நான் தினமும் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், தூக்கம் வராத இந்தச் சில நாளிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளைத் தேடியிருக்கிறேன்.

புடவைத் தலைப்பை ஒரு கையிலும் துணியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். வெயிலுக்காக இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கினேன். ட்யூப் லைட்டில் அச்சாகச் சேர்ந்த துணி வெயிலில் செத்துப்போய் வெறும் நீலமாக நின்றது. புடவையோ பச்சையும் நீலமுமாக மினுங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளில் இரண்டைத் தவிர்த்துப் பொங்கல் ஏறாத கண் எனக்கு. அந்த வித்தியாசம் ஊசி குத்துகிற மாதிரி தெரிந்தது. உள்ளே போய், லைட்டில் நான் ஒருநாளும் எடுக்க மாட்டாத ஒரு துணியை எடுத்துவந்து மறுபடி தூக்கிப் பிடித்தேன். சேர்ந்துகொண்டது.

"இதேதான் அண்ணாச்சி" என்றார் மாமி, எனக்குப் பின்னாலிருந்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசல் படியில், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்து நான் நிற்கிறேன். திரும்பிப் பார்த்தால் உள்ளே என் நாற்காலி இருட்டில் தெரிகிறது. அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அரைக் கண்ணில் பார்த்தால் இந்தப் படி எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் கனவென்று நினைத்தது கனவே இல்லை. வருஷக்கணக்காக என் அரைத் தூக்கத்துக் கண் பார்த்துவைத்திருந்தது அது.

மாமி துணியை வாங்கிக்கொண்டு போனபிறகு ரசூல் பாய் முன்னால் போய் நின்றேன்.

"உமக்குத் தெரியுமா பாய்?"

"அக்கா சத்தியம் வாங்கிக்கினாங்க அண்ணாச்சி. நீங்க உயிரோட கீற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு."

"நான் செத்தப்புறம் எனக்கு எதுக்கய்யா அது? சொல்லும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கட்டடம் வந்தப்புறம் உங்க மேட்சிங் தப்ப ஆரம்பிச்சிச்சு. லைட்டு ஏமாத்துது, உங்களாண்ட சொன்னா கத்துவீங்க. அக்கா இன்னா பண்ணுவாங்க? நீங்க வெட்டி வச்சதெல்லாம் கட்டிக் கொடுக்காம எடுத்து வப்பாங்க. பதினோரு மணிக்கு நீங்க கண்ண மூடினதும் வெயில்ல புடிச்சுப் பாத்து, தப்பா இருந்தா மாத்தி வெட்டிருவாங்க. முழிச்சதும் 'அண்ணாச்சி கண்ணு தப்புமா'ன்னு கஸ்டமரண்ட உங்க பேரைச் சொல்லித்தான் கொடுப்பாங்க."

"நான் தூங்காத நாளு?"

பாய் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேம்பு பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினார். "'மூணு கரண்டி வச்சா இருவது நிமிசத்துல முழிச்சிட்டு நிக்காரு பாய். நாலு கரண்டின்னா அரை மணி நேரம் கடை என் கையில.' இதான் அக்கா கணக்கு. வடை எக்ஸ்ட்ரான்னா அன்னிக்கு கஷ்டமான கலர் கீதுன்னு அர்த்தம்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிழைப்பு, என் பேர், என் கண். எல்லாவற்றையும் ஒருத்தி மிளகும் நெய்யும் போட்டுத் தூங்கவைத்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டும் என்று இருந்தது. யாரைக் கூப்பிடுவது. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அரக்குக்கு நான் எடுத்த துணி சேராது என்று அவள் வாயைத் திறந்து சொன்னாளே, அன்றைக்கு மூட்டம், வெயிலே இல்லை. அதனால்தான் வேறு வழியில்லாமல் வாயால் சொல்லியிருக்கிறாள். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள் சொன்னாள், அதற்குத்தான் நான் கத்தினேன். சின்னப் பையன் மாதிரி விசும்பி அழுதேன். பாய் மெஷினை ஓட்டவில்லை. சந்துப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அவள் என்மேல் கோபப்பட்டு முதுகைக் காட்டவில்லை. தெருவில் இறங்கிப் போகவும் பார்க்கவில்லை. எனக்காக வெளிச்சத்தைப் பார்த்து நின்றிருக்கிறாள். திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரம் எங்கே இருந்தது, அரை மணி நேரம்தானே வெயில்.

பங்குனியில் அவள் நாள் வந்தது. ஷண்முகப்ரியா முதல் நாளே கே.கே. நகருக்கு வந்துவிட்டாள். எங்கள் வழக்கப்படி, போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்க வேண்டும். என்ன செய்வது என்று மகள் கேட்டாள். நான் விடியற்காலையில் எழுந்து நானே பொங்கல் வைத்தேன். பருப்பை வறுத்து, மிளகை உடைத்து, முந்திரியைத் தேடாத அளவுக்குப் போட்டேன். அடி கொஞ்சம் பிடித்துவிட்டது, பரவாயில்லை.

புஜத்தில் புதுச் சென்சார் இருந்தது, நானே கேட்டு ஒட்டிக்கொண்டது. எனக்கு முதலில் சுண்டல், அப்புறம் பொரியல், கடைசியில் ஒரே ஒரு கரண்டி பொங்கல் என்று மகள் எடுத்து வைத்தாள். சரி என்று தலையாட்டினேன். எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கடையைத் திறக்கச் சரியாக இருக்கும்.

படத்துக்கு முன்னால் இலையை விரித்தேன். கரண்டியை எடுத்து ஒன்று வைத்தேன், இரண்டு வைத்தேன்.

"போதும்பா, எதுக்கு இவ்ளோ?" என்றாள் மகள்.

மூன்றாவதும் நாலாவதும் வைத்தேன். பக்கத்தில் ஒரு வடை, அதற்குமேல் இன்னொரு வடை. படத்தில் வேம்பு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்கு வேம்பு" என்றேன். "பதினோரு மணிக்கு நான் முழிச்சிருக்கேன்."